மெகாபிக்சலைக் குறைத்த கேமரா

2009 ஆகஸ்டில் கேனன் நிறுவனம் பவர்ஷாட் ஜி11 என்ற கையடக்கக் கேமராவை அறிவித்தது. விவரக் குறிப்பைப் படித்தவர்கள் ஒரு வரியை மட்டும் இரண்டாம் முறை படித்திருப்பார்கள். முந்தைய ஆண்டு வந்த ஜி10இல் 14.7 மெகாபிக்சல். புதியதில் 10. விலை ஏறக்குறைய அதேதான். அச்சுப்பிழையும் இல்லை. தெரிந்தேதான் குறைத்திருந்தார்கள்.

அந்தக் காலத்தில் கேமராக் கடையில் நின்றிருந்தவர்களுக்கு இது எவ்வளவு துணிச்சலான காரியம் என்று புரியும். கண்ணாடி அலமாரிக்குள் வரிசையாக நிற்கும் கேமராக்களின் முகத்திலேயே எண் ஒட்டியிருக்கும். வாங்க வந்தவர் அதைத்தான் முதலில் கேட்பார். கடைக்காரரும் அதைத்தான் முதலில் சொல்வார். 7 வாங்க வந்தவரை 10க்கு ஏற்றிவிடுவதுதான் விற்பனைத் திறமை. லென்ஸ் எப்படி, சென்சார் எவ்வளவு பெரியது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு; கேட்டிருந்தாலும் பதில் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

ஜி வரிசையின் ஜாதகமே இதைச் சொல்லிவிடும். 2000இல் வந்த ஜி1இல் 3.3 மெகாபிக்சல். 2002இல் ஜி3, 4. அடுத்த ஆண்டு ஜி5, 5. 2004இல் ஜி6, 7.1. 2006இல் ஜி7, 10. 2007இல் ஜி9, 12.1. பிறகு ஜி10, 14.7. எட்டு ஆண்டுகளில் நாலரை மடங்கு. இதே எட்டு ஆண்டுகளில் சென்சார் எவ்வளவு வளர்ந்தது? ஜி1இன் சென்சார் சுமார் 7.2 மில்லிமீட்டர் அகலம், 5.3 மில்லிமீட்டர் உயரம். ஜி10இன் சென்சார் அதைவிட ஒரு மயிரிழை பெரிது. இரண்டையுமே சுண்டுவிரல் நகத்துக்குள் அடக்கிவிடலாம்.

ஒரு கிரவுண்டு நிலத்தை நாலு மனையாகப் பிரித்தாலும் நாற்பதாகப் பிரித்தாலும் நிலம் ஒரு சதுர அடி கூடுவதில்லை. மாறாக, ஒவ்வொரு மனைக்கும் சுற்றுச்சுவர், நடுவே பாதை என்று போட்டுப் போட்டு, வீடு கட்டும் இடம்தான் குறையும். சென்சாரிலும் இதுவேதான் நடந்தது. ஜி1இன் ஒரு பிக்சல் சுமார் 3.5 மைக்ரான் அகலம். ஜி10இல் அது 1.7 மைக்ரான். பரப்பில் கணக்கிட்டால் நாலில் ஒரு பங்கு. பிக்சலுக்குப் பிக்சல் ஓடும் மின்பாதைகளும் அந்த இடத்தில்தான் பங்கு கேட்டன.

இடம் குறைந்தால் என்ன கெட்டுப்போகும்? ஒளி தண்ணீரைப்போலத் தொடர்ந்து ஓடிவருவது அல்ல. ஃபோட்டான் என்ற துகள்களாக வந்து விழுகிறது. விழுவதும் சீராக இல்லை. ஒரே வெளிச்சத்தில், ஒரே வெள்ளைச் சுவரைப் படமெடுத்தாலும், அடுத்தடுத்த இரண்டு பிக்சல்களில் விழும் ஃபோட்டான்களின் எண்ணிக்கை ஒன்றாக இருக்காது. இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஒரு கணக்கு உண்டு: சராசரி எண்ணிக்கையின் வர்க்கமூலம். ஒரு பிக்சலில் 10,000 ஃபோட்டான்கள் பதிந்தால் ஏற்ற இறக்கம் 100, அதாவது 1 சதவீதம், கண்ணுக்குத் தெரியாது. 100 ஃபோட்டான்கள்தான் பதிந்தன என்றால் ஏற்ற இறக்கம் 10, அதாவது 10 சதவீதம். சுவர் முழுக்க மணல் தூவியதுபோல் ஆகிவிடும். கல்யாண மண்டபத்தில் ஃபிளாஷ் இல்லாமல் எடுத்த படத்தைப் பார்த்து ‘கிரெயின்ஸ் அடிக்குது’ என்று புகைப்படக்காரர்கள் சொல்வது இதைத்தான். கேமரா சரியில்லை என்பதைவிட ஒளி போதவில்லை என்பதே உண்மை. எந்த நிறுவனத்தாலும் இந்த வர்க்கமூலத்தை மாற்றியமைக்க முடியாது.

அதனால்தான் சென்சாரின் மொத்தப் பரப்பு எல்லாவற்றையும்விட முக்கியமாகிறது. ஃபிலிம் காலத்து 35 மி.மீ. சட்டத்தின் அளவிலுள்ள சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர், 864 சதுர மில்லிமீட்டர். மலிவான கையடக்கக் கேமராக்களில் பெரும்பாலும் இருந்த சென்சார் 6.2க்கு 4.6, சுமார் 28 சதுர மில்லிமீட்டர்தான். லென்ஸ் துவாரத்தின் எஃப் எண் ஒன்றே, ஷட்டர் வேகமும் ஒன்றே என்றால் முதலாவதற்கு முப்பது மடங்கு ஒளி. இரண்டின் பெட்டியிலும் 12 மெகாபிக்சல் என்றே அச்சிட்டிருக்கலாம்.

இங்கே ஒரு நிறுத்தம் தேவை. மெகாபிக்சல் கூடினால் படம் கெடும் என்று சிலர் சத்தியம் செய்வார்கள். அதுவும் பாதிதான் சரி. ஒரு பெரிய பிக்சலில் 400 ஃபோட்டான்கள் விழுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஏற்ற இறக்கம் 20, அதாவது 5 சதவீதம். அதே இடத்தில் நாலு சின்னப் பிக்சல்கள் இருந்தால் ஒவ்வொன்றிலும் 100, ஏற்ற இறக்கம் 10 சதவீதம். திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தால் சின்னப் பிக்சல் படம் அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் நாலையும் கூட்டி ஒன்றாக்கினால் மறுபடி 400, மறுபடி 5 சதவீதம். இரண்டு படத்தையும் ஒரே அளவில் அச்சிட்டால் ஒளியால் வரும் இந்த ஏற்ற இறக்கத்தில், அதாவது இரைச்சலில், வித்தியாசம் இருக்காது. சின்னப் பிக்சலின் உண்மையான தண்டனை வேறிடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பிக்சலையும் வாசிக்கும்போது மின்சுற்று தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலைச் சேர்க்கிறது. ஒருமுறை வாசிப்பதற்குப் பதில் நாலுமுறை வாசித்தால் அதுவும் சேர்ந்துகொள்கிறது. நல்ல வெயிலில் இது பொருட்டே இல்லை. இருட்டில், ஒளியே சொற்பமாக இருக்கும்போதுதான் அடி விழும்.

இதற்குச் சாட்சி ஜி10ஏதான். கனடாப் புகைப்படக்காரர் மைக்கேல் ரைக்மன் 2008இல் ஒரு சோதனை செய்தார். 39 மெகாபிக்சல் டிஜிட்டல் பின்பாகம் மாட்டிய ஹேசல்பிளாட் ஒரு பக்கம், சட்டைப்பையை மீறிய ஜி10 மறுபக்கம். விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். நல்ல வெளிச்சத்தில், முக்காலியில் வைத்து, ஒரே காட்சியை இரண்டிலும் எடுத்து 13க்கு 19 அங்குலத்தில் அச்சிட்டுக் காட்டினார். பார்த்தவர்கள் தொழில் தெரிந்தவர்கள். எது எந்தக் கேமராவுடையது என்று அவர்களால் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. காட்டிக்கொடுத்தது பின்னணி எவ்வளவு மங்கியிருந்தது என்ற ஒன்றுதான். ஆக, பகல் வெளிச்சத்தில் 14.7 மெகாபிக்சல் பொய்யல்ல. இருட்டில் உணர்திறன் அளவான ஐஎஸ்ஓவை 400, 800 என்று ஏற்றியதும்தான் அதே ஜி10 அழ ஆரம்பித்தது.

அப்போது கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள் உதவிக்கு வருகிறது. அந்த உதவி பல நேரங்களில் உபத்திரவம். இரைச்சல் புள்ளிகளைத் துடைப்பதாக நினைத்துக்கொண்டு, புள்ளி அளவே இருக்கும் நுண்விவரங்களையும் சேர்த்துத் துடைத்துவிடும். தலைமுடி இழை இழையாக இல்லாமல் கறுப்புத் திட்டாகிவிடும். புல்வெளி பச்சைப் பூச்சாகும். பட்டுச்சேலையின் ஜரிகை நெசவு காணாமல் போகும். கோப்பில் 1.4 கோடிப் புள்ளிகள் இருக்கும். அவற்றில் பல பக்கத்துப் புள்ளியைப் பார்த்து எழுதியவை. நிறத்தில் இந்தக் காப்பி அடிப்பது இன்னும் அதிகம். கோடக் ஆய்வாளர் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற வண்ணவடி அமைப்பைத்தான் இன்றும் கிட்டத்தட்ட எல்லாக் கேமராவும் பயன்படுத்துகிறது. பாதிப் பிக்சல்கள் பச்சையை மட்டும் பார்க்கும், கால்வாசி சிவப்பை, கால்வாசி நீலத்தை. மற்ற இரண்டு நிறங்களும் அக்கம்பக்கத்தை வைத்து ஊகித்து நிரப்பப்படுபவை. வெளிச்சமுள்ள படத்தில் இந்த ஊகம் அபாரமாகப் பலிக்கிறது என்பதையும் சொல்லவேண்டும்.

லென்ஸ் பக்கமும் ஒரு சுவர் உண்டு. சிறு துவாரத்தின் வழியே வரும் ஒளி விளிம்பில் வளைந்து பரவும். எவ்வளவு அருமையான லென்ஸானாலும் ஒரு நட்சத்திரத்தை அதனால் ஒரு புள்ளியாகக் குவிக்க முடியாது. ஒரு சிறு வட்டமாகத்தான் விழும். பச்சை ஒளிக்கு, எஃப் 2.8 துவாரத்தில் அந்த வட்டத்தின் விட்டம் சுமார் 3.8 மைக்ரான். ஜி10இல் ஜூம் முழுக்க நீண்டால் துவாரம் எஃப் 4.5, வட்டம் 6 மைக்ரான். பிக்சலோ 1.7 மைக்ரான். ஒரு புள்ளி ஒளியை மூன்று நாலு பிக்சல் அகலத்துக்குப் பூசித்தான் வைக்க முடிகிறது. துவாரத்தை இன்னும் சுருக்கி எஃப் 8க்குப் போனால் ஆறு பிக்சல் அகலம். கையடக்கக் கேமராக்களில் துவாரம் பெரும்பாலும் எஃப் 8ஓடு நின்றுவிடுவதற்கு இது ஒரு காரணம். இதற்குமேல் பிக்சலை நறுக்கினால், மங்கலான வட்டத்தையே இன்னும் துல்லியமாகப் பதிவு செய்யலாம், அவ்வளவுதான்.

சரி, எத்தனைதான் வேண்டும்? ஆல்பத்தில் வைக்கும் 4க்கு 6 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல தரத்தில் அச்சிட 2.2 மெகாபிக்சல் போதும். ஏ4 தாள் முழுக்க அச்சிட 8.7. முழு எச்டி தொலைக்காட்சித் திரையில் இருப்பதே 2.1 மெகாபிக்சல், 4கே திரையில் 8.3. இன்னொரு ஏமாற்றமும் இந்தக் கணக்கில் உண்டு. மெகாபிக்சல் என்பது பரப்பின் அளவு. படத்தின் அகலத்தில் இருமடங்கு விவரம் வேண்டுமானால் நாலு மடங்கு பிக்சல் தேவை. 10இலிருந்து 14.7க்குப் போனால் அரைமடங்கு முன்னேற்றம் என்று தோன்றும். அகலவாக்கில் கிடைப்பது 21 சதவீதம்தான்.

கேனனுக்கு முன்பே இந்த உண்மையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பின்வாங்கியது ஃபியூஜிஃபிலிம். 2006இல் அது வெளியிட்ட ஃபைன்பிக்ஸ் எஃப்30இல் 6 மெகாபிக்சல்தான். ஆனால் இருட்டில் அந்த அளவுக் கேமராக்களில் அதை மிஞ்ச ஆளில்லை. தொடர்ந்து வந்த எஃப்31எஃப்டியும் அப்படியே. விமர்சகர்கள் கொண்டாடினார்கள். 2007இல் எஃப்50எஃப்டி வந்தது, 12 மெகாபிக்சலுடன். பழைய 6 மெகாபிக்சல் மாதிரியைத் தெரிந்தவர்கள் செகண்ட் ஹேண்டில் தேடித் திரிந்தார்கள். ஃபியூஜியின் பொறியாளர்களுக்குத் தெரியாததல்ல. கடை அலமாரியில் 12க்குப் பக்கத்தில் 6 என்று வைத்தால் விற்காது என்று விற்பனைப் பிரிவுக்கும் தெரிந்திருக்கும். ஜெயித்தது யார் என்று சொல்லத் தேவையில்லை.

அந்தப் பின்னணியில் பார்த்தால் ஜி11இன் 10 மெகாபிக்சல் பெரிய காரியம். இருட்டில் அது ஜி10ஐவிடத் தெளிவாக மேம்பட்டிருந்தது. ஐஎஸ்ஓ 3200 வரை முழு அளவில் எடுக்க முடிந்தது. ஆனால் முழுப் பெருமையையும் எண்ணைக் குறைத்ததற்குக் கொடுப்பது நியாயமில்லை. சென்சாரே புதியது, அதிக உணர்திறன் கொண்டது. அதே 2009இல்தான் சோனி, மின்பாதைகளைப் பிக்சலுக்கு முன்னாலிருந்து பின்னால் கொண்டுபோன சென்சாரைக் கையடக்கக் கேமராக்களில் வைத்தது. மனைகளுக்கு நடுவே ஓடிய பாதையைப் பூமிக்கடியில் போட்டமாதிரி. அதன்பிறகு சின்னப் பிக்சலின் தண்டனை பெருமளவு குறைந்துவிட்டது.

நேர்வழி என்ன என்பதைக் கேனனே 2012இல் காட்டியது. ஜி1 எக்ஸ் என்ற கேமராவில் 14.3 மெகாபிக்சல், ஜி10க்கு அருகில்தான். சென்சாரின் பரப்போ ஆறு மடங்கு. அதே ஆண்டு சோனி ஆர்எக்ஸ்100 வந்தது: சட்டைப்பையில் அடங்கும் உடம்பு, 116 சதுர மில்லிமீட்டர் சென்சார், 20 மெகாபிக்சல். நிலத்தை வாங்கிவிட்டுப் பிறகு மனை பிரித்தார்கள். யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குள் சந்தை சரிந்துகொண்டிருந்தது. 2010இல் உலகெங்கும் 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்களை அனுப்பிய ஜப்பானிய நிறுவனங்கள் 2020இல் ஒரு கோடியைத் தொடவில்லை. இடத்தைப் பிடித்தது செல்போன்.

எண்ணின் மோகமும் கூடவே குடிபெயர்ந்தது. ஆனால் விதிவிலக்குகள் சுவாரசியமானவை. ஐபோனின் பிரதான கேமரா 2015இன் 6எஸ் முதல் 2021இன் 13 வரை 12 மெகாபிக்சலில் அசையாமல் நின்றது. இடையில் சென்சார் பெரிதானது, துவாரம் அகன்றது, பல படங்களை எடுத்து ஒன்றாக்கும் கணக்கு வந்தது. படம் ஆண்டுக்கு ஆண்டு மேம்பட்டது. மறுகோடியில் நோக்கியா 808. 2012இல் 41 மெகாபிக்சல் என்று அறிவித்ததும் பலர் சிரித்தார்கள். அந்தக் கேமரா வழக்கமாகக் கொடுத்தது 5 மெகாபிக்சல் படம்தான். ஏழெட்டுப் பிக்சல்களைச் சேர்த்து ஒன்றாக்கியது. அந்த யோசனைதான் இன்று 108, 200 என்று போட்டிபோடும் போன்களின் அடிப்படை. 200 மெகாபிக்சல் போனில் இரவில் எடுத்த படத்தின் விவரத்தைத் திறந்து பாருங்கள்; பெரும்பாலும் 12 அல்லது 12.5 என்றிருக்கும். பதினாறு பிக்சல் சேர்ந்து ஒன்றாக வேலை செய்திருக்கும். அவற்றில் சிலவற்றின் பிக்சல் அகலம் 0.6 மைக்ரான். சிவப்பு ஒளியின் அலைநீளமே சுமார் 0.65 மைக்ரான்.

இப்போது கல்லூரிப் பிள்ளைகள் பழைய கையடக்கக் கேமராக்களைத் தேடி வாங்குகிறார்கள். அவர்களுக்குச் சொல்ல ஒரு நுட்பம் உண்டு. சென்சார் அளவை 1/2.3 அங்குலம், 1/1.7 அங்குலம் என்று எழுதியிருப்பார்கள். அதை நிஜ அங்குலமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய தொலைக்காட்சிக் கேமராக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்து வந்த வழக்கம் அது. ஒரு அங்குல சென்சார் என்று சொல்லப்படுவது 13.2க்கு 8.8 மில்லிமீட்டர்தான், மூலைக்கு மூலை 16. பின்னத்தின் கீழே உள்ள எண் சிறிதாக ஆக சென்சார் பெரிதாகிறது, அதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். கடையிலேயே சோதித்துவிடலாம். ஃபிளாஷை அணைத்து, ஐஎஸ்ஓவை 800இல் வைத்து, டியூப்லைட்டுக்குக் கீழே நிற்கும் யாரையாவது எடுக்கவேண்டும். பிறகு திரையில் பெரிதாக்கி, முகத்தை விட்டுவிட்டு, காதோரத் தலைமுடியைப் பார்க்கவேண்டும். இழை பிரிந்து தெரிந்தால் 6 மெகாபிக்சலானாலும் வாங்கலாம்.