சிமெண்ட்டுக்கும் சர்க்கரை

உள்ளே வந்தேவிட்டேன்! காக்கிநாடாவுக்குத் தெற்கே, கிருஷ்ணா-கோதாவரி படுகையின் ஆழ்கடலில் நிற்கும் துளையிடும் கப்பல். ஹெலிகாப்டரில் ஏற்றும்முன் பையோடு என்னையும் எடை போட்டார்கள். தீப்பெட்டி கூடாது. செல்போன் அறையைவிட்டு வெளியே வரக் கூடாது.

இன்றிரவு சிமெண்ட் வேலை. கிணற்றில் இறக்கிய இரும்புக் குழாய்க்கும் பாறைக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அடைக்க வேண்டும். அழுத்தம் கூடினால் பாறை பிளந்து சிமெண்ட்டைக் குடித்துவிடும்; குறைந்தால் வாயு பீறிடும். மத்தளத்துக்கு இருபுறமும் இடி. 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் துளையிடும் மேடை வெடித்து 11 பேர் மாண்டார்களே, அங்கே கிணற்றடியில் கைவிட்டதும் சிமெண்ட்தான்.

சிமெண்ட் யூனிட்டில் காதைப் பிளக்கும் சத்தம். இதைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்கு ஊர் நரிமணம் பக்கம். விபூதி அப்பியதுபோல் முகமெல்லாம் தூசி, அதில் வியர்வை கோடு போட்டிருக்கிறது. காலடியில் சர்க்கரை மூட்டை!

"டீக்கா அண்ணே?"

"சிமெண்ட்டுக்குத் தம்பி. சர்க்கரை விழுந்தா இறுகாது. வேலை கெட்டுப்போய் தொட்டியில மாட்டிக்கிச்சுன்னா இதைக் கொட்டித்தான் காப்பாத்துவோம். சமையல்காரர் தூக்கிட்டுப் போகாம பாத்துக்கிறதே பெரும்பாடு."

அடுத்து, கிணற்றின் அழுத்தத்தைக் கவனிக்கும் ஏசி அறை. குழாயைச் சுற்றி ரப்பர் இறுக்கிப் பிடித்திருப்பதால், கிணற்றிலிருந்து திரும்பிவரும் துளையிடும் சேறு 'சோக்' வால்வு வழியாகத்தான் வெளியேற முடியும். பம்ப் ஓடும்வரை உராய்வும் சேர்ந்து கிணற்றை அழுத்தும். வேகம் குறைந்தால் அந்த அழுத்தமும் போய்விடும். உடனே வால்வை நெருக்கி ஈடுகட்ட வேண்டும், ஹோஸ் வாயில் கட்டைவிரல் வைப்பதுபோல. நெருக்குவது கம்ப்யூட்டர்தான். ஆனால் திரைமுன் இருந்தவரின் வலதுகால் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது, பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் இல்லாத பிரேக்கை மிதிப்பாரே, அப்படி! பக்கத்தில் பஜ்ஜி ஆறிப்போய்க் கிடந்தது.

குழாய்க்குள் சிமெண்ட்டைத் தள்ளிக்கொண்டு போகும் ரப்பர் அடைப்பு அடியில் போய் முட்ட வேண்டும். யாரும் பேசவில்லை. திரையில் கோடு சட்டென்று எகிறியது. "முட்டிடுச்சு!" ஒரே கூச்சல். பிரேக் கால் அப்போதுதான் ஓய்ந்தது.

விடியற்காலை. மேசைமேல் காகிதக் கோப்பைகளில் மாதிரி சிமெண்ட். அண்ணன் ஒன்றை நகத்தால் அமுக்கினார். "இன்னும் குழையுது."

நானும் ஒன்றில் விரல் வைத்தேன்.

"தம்பி, அது என் டீ!"