கெண்டைக்காலும் சுண்டெலியும்

நடுராத்திரியில் கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்து, தூக்கம் கலைந்து எழுந்தவர்களுக்குத் தெரியும்: காலை நீட்டி, விரல்களைக் கையால் பற்றி முழங்காலை நோக்கி இழுத்தால் பிடிப்பு மெல்ல விடும். தசை எப்படி வேலை செய்கிறது என்பதை இந்தக் கைவைத்தியத்திலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும். சுருங்கி, தான் பற்றியிருக்கும் எலும்பைத் தன் பக்கம் இழுக்கும். மறுபடி நீள, எதிர்ப்புறத் தசை இழுத்துக்கொடுக்க வேண்டும். முழங்கையை மடக்குவது மேற்கையின் முன்புறத் தசை. நீட்டுவது பின்புறத் தசை. கதவைத் தள்ளும்போதுகூட, உள்ளே அந்தப் பின்புறத் தசை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. கால் பிடித்துக்கொண்ட இரவில், முன்காலின் எதிர்த்தசை செய்ய வேண்டியதை நம் கை செய்கிறது.

சுருங்குவது என்றால் என்ன? தசை நாருக்குள் ஆக்டின், மயோசின் என்ற இரு புரத இழைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. இரண்டு கைகளின் விரல்களைக் கோத்து உள்ளே நுழைப்பதுபோல, அவை ஒன்றினிடையே ஒன்று நழுவுகின்றன. இழைகளின் நீளம் மாறாமலே தசை குட்டையாகிறது. 1954இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ‘நேச்சர்’ சஞ்சிகையின் ஒரே இதழில் இதை வெளியிட்டன. இதில் என்னை எப்போதும் நிறுத்திவைக்கும் உண்மை ஒன்று உண்டு: பற்றிய பிடியை விடுவதற்கும் ஆற்றல் தேவை. உயிர் பிரிந்த சில மணி நேரத்தில் உடல் விறைத்துப்போவது அந்த ஆற்றல் தீர்ந்துவிடுவதால்தான்.

இதுவரை சொன்னது எலும்புத் தசையை வைத்து. உடலில் அது 600க்கும் மேல்; நாம் நினைத்தபடி அசையும். உதரவிதானமும் இந்த வகைதான். தூக்கத்திலும் தானாக மூச்சை நடத்தும். நாம் விரும்பினால் அடக்கவும் இடம் கொடுக்கும்.

குடல், இரத்தக்குழாய், கருப்பை ஆகியவற்றின் சுவர்களில் இருப்பது மென்தசை. நம் உத்தரவுக்குக் காத்திராமல் மெதுவாக, சோர்வின்றி வேலை செய்யும். குளிரிலோ நல்ல பாட்டைக் கேட்டோ மயிர்க்கூச்செறியும்போது ஒவ்வொரு முடியின் அடியிலும் இழுப்பது நூல் போன்ற ஒரு மென்தசைதான்.

மூன்றாவது இதயத் தசை. எலும்புத் தசையைப் போலவே வரிகள் கொண்டது. ஆனால் நம் சொல்லுக்குக் கட்டுப்படாது. துடிப்பதற்கான தூண்டலை இதயமே உண்டாக்கிக்கொண்டு, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது.

நர்ஸிங்கோ பிசியோதெரபியோ படிக்கச் சேரும் பிள்ளைகள் தசைகளின் பெயர்ப் பட்டியலைக் கண்டுதான் மிரள்வார்கள். அர்த்தம் தெரிந்தால் பாதி பயம் போய்விடும். ‘மஸில்’ என்பதற்கு மூலமான லத்தீன் சொல்லின் பொருள் சுண்டெலி. தோலுக்கடியில் தசை புரள்வது லத்தீன் பேசியவர்களுக்கு எலி ஓடுவதாகத் தோன்றியிருக்கிறது. நம் காலில் இருப்பதோ கெண்டை. அந்தக் கெண்டைக்கால் சதைக்கு அடியில் உள்ள தசை ‘சோலியஸ்’. செருப்புக்கும் ஒரு தட்டைமீனுக்கும் லத்தீனில் வழங்கிய பெயரிலிருந்து வந்தது. மீன் அங்கேயும் வந்துவிட்டது!

‘பைசெப்ஸ்’ என்றால் இரண்டு தலை, ‘ட்ரைசெப்ஸ்’ என்றால் மூன்று. நம் பாடநூல்கள் இருதலைத்தசை, முத்தலைத்தசை என்று அழகாகவே சொல்கின்றன. தோளில் ஊசி போடும் ‘டெல்டாய்டு’, முக்கோணமான டெல்டா என்ற கிரேக்க எழுத்தின் வடிவம். இடுப்பிலிருந்து முழங்காலின் உட்புறம்வரை குறுக்காக ஓடும், உடலிலேயே நீளமான தசை ‘சார்ட்டோரியஸ்’. அதாவது தையற்காரர் தசை. தையற்காரர்கள் சம்மணமிட்டு உட்கார்ந்து தைத்த காலத்துப் பெயர்.

எல்லாவற்றிலும் பயமுறுத்துவது ‘ஸ்டெர்னோக்ளைடோமாஸ்டாய்டு’. பிரித்துப் பார்த்தால் வெறும் முகவரி: மார்பெலும்பு, காறையெலும்பு, காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு மேடு. இப்போதே முகத்தை இடப்பக்கம் திருப்பி, கழுத்தின் வலப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். கயிறு போல் புடைத்திருக்கிறதே, அதுதான். முகம் இடப்பக்கம் திரும்ப, இழுப்பது வலப்பக்கத் தசை.