அரிய கார்டும் வலிய கார்டும்

கணிதவியலாளர் ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கிய 'மேஜிக்: த கேதரிங்' என்ற கார்டு ஆட்டம் 1993-ல் வெளிவந்தது. ஆளுக்குக் குறைந்தது 60 கார்டுகள் கொண்ட டெக். அதைச் சேர்த்து அமைப்பது ஆடுபவர் பொறுப்பு. போட்டிக்குக் கிளம்பும் மாணவரை முதலில் மடக்குவது கார்டுகளின் விலை. பெரிய டெக்கை மலிவு விலையில் ஒப்பேற்றிக்கொள் என்றுதான் பெரும்பாலும் அறிவுரை கிடைக்கிறது. அது அவரைத் தோற்கடிக்கும் அறிவுரை. முழு பலத்துடன் வருபவரை அரைகுறை பலத்துடன் எதிர்கொள்ள அனுப்புகிறது. காசு குறைவென்றால் ஆடும் களத்தையே மாற்ற வேண்டும்.

உள்ளே என்ன கார்டு என்று தெரியாமல் பாக்கெட் பாக்கெட்டாக வாங்குவது இன்னும் மோசம். வழக்கமான 15 கார்டு பாக்கெட்டில் ரேர் (அரிய) கார்டு ஒன்றுதான் இருந்தது. ஒரு தொகுப்பில் 60 ரேர் கார்டுகள் என்று வைத்துக்கொண்டால், குறிப்பிட்ட ஒன்றின் நான்கு பிரதிகளுக்குச் சராசரியாக 240 பாக்கெட் பிரிக்க வேண்டும். தேவையான கார்டைத் தனியாகக் கடையில் வாங்குவதே அறிவு. ஆனால் அங்கும் விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அச்சடித்த எண்ணிக்கைதான். 1995-ல் பழைய கார்டுகள் மறுபதிப்பாக வந்ததும் சேகரிப்பாளர்கள் கொதித்தார்கள். மறு ஆண்டே, சில கார்டுகளை இனி அச்சிடுவதில்லை என மேஜிக்கை வெளியிடும் நிறுவனம் வாக்குக் கொடுத்தது. அவற்றை வைத்து ஆட விரும்புபவர் இன்றும் அந்த வாக்குக்கு விலை கொடுக்கிறார்.

இதற்கு நேரெதிர் 'பாப்பர்'. எப்போதாவது காமன் (சாதாரண) தரத்தில் வெளியான கார்டுகளுக்கு மட்டுமே இதில் இடம். இணையத்தில் வளர்ந்த இந்த ஆட்டமுறை 2019-ல் அச்சுக் கார்டுகளுக்கும் அதிகாரபூர்வமானது. இத்தாலியின் 'பாப்பர்கெடான்' போட்டியில் நூற்றுக்கணக்கானோர் மோதுகிறார்கள். காமன் கார்டில் என்ன ஆழம் இருக்கும் என்று கேட்பவர்கள் 'லைட்னிங் போல்ட்'டைப் பார்க்கட்டும். ஒரே ஒரு மானா (மந்திர ஆற்றல்) செலவில் மூன்று புள்ளி சேதம். 1993-ன் முதல் தொகுப்பிலேயே காமனாக வந்த அது, 'மாடர்ன்' என்ற இன்னொரு ஆட்டமுறையின் விலையுயர்ந்த டெக்குகளிலும் இடம்பிடித்திருக்கிறது. எதிராளியின் மந்திரத்தை முறிக்கும் 'கவுண்டர்ஸ்பெல்', கையிலுள்ள கார்டுகளைத் திருத்தும் 'பிரெய்ன்ஸ்டார்ம்' இரண்டும் பாப்பரில் உண்டு. எதை எப்போது இறக்குவது என்ற கணக்கில் அங்கே குறையே இல்லை.

பாப்பரிலும் விலை ஏறியதே என்று மறுப்பார்கள். ஏறியது உண்மைதான். 1993-ல் வந்த 'ஊப்லியெட்' காமன் கார்டாக இருந்தும் பிரதிகள் சொற்பம் என்பதால் எட்டாத விலைக்குப் போனது. 2020-ல் மறுபதிப்பு வந்தது, விலை சரிந்தது. அந்த விலை கார்டின் வலிமையில் இல்லை, அச்சு எண்ணிக்கையில் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இன்னொரு மறுப்பை அலட்சியம் செய்ய முடியாது. கடைகள் பாக்கெட் விற்றுத்தான் பிழைக்கின்றன. கார்டு மலிந்தால் கடையில் ஆடும் மேசையே இல்லாமல் போகும் என்கிறார்கள். போக்கிமான் கார்டு ஆட்டம் இதற்கு விடை தருகிறது. வலிய கார்டு ஒன்று சாதாரண வடிவிலும், முழு ஓவியத்துடன் அரிய வடிவிலும் வருகிறது. ஆட்டத்தில் இரண்டும் ஒன்றே. சேகரிப்பாளர்கள் ஓவியத்தைத் தேடிப் பாக்கெட்டுகளைப் பிரிக்க, சாதாரண வடிவங்கள் சந்தையில் குவிந்து பெரும்பாலும் மலிவாகவே கிடைக்கின்றன. கடைக்கு வியாபாரம் குறையவில்லை. அருமையை ஓவியத்தில் வைப்பதா, வலிமையில் வைப்பதா என்பது வெளியீட்டாளர் எடுக்கும் முடிவு. மேஜிக் போட்டிகளைத் தீர்மானிக்கும் கார்டுகளுக்கும் அந்த முடிவை எடுக்க நிறுவனத்துக்குத் தடை ஏதுமில்லை. அச்சிடுவதில்லை என்று வாக்குக் கொடுத்த பட்டியலில் இல்லாத எந்தக் கார்டையும் அது நாளையே தாராளமாக அச்சிடலாம்.