பாடகர் வாராத தம்புரா

சென்ற திங்கள் நடந்த கூட்டம் முடிந்ததும், நம் சங்கத்து அன்பர் ஒருவர் நம்மிடம் ஒரு குறையைச் சொன்னார். அவருடைய மகன் தேர்வுக்குப் படிக்கையிலும், இரவில் உறங்கப் போகையிலும், கைப்பேசியில் ஏதோ ஓர் ஒலியை ஓடவிட்டுக் காதில் மாட்டிக்கொள்கிறானாம். அதில் பாட்டு இல்லை, தாளம் இல்லை, தொடக்கமும் முடிவும் தெரியவில்லை. "எங்கள் தகப்பனார் காலத்தில் வீட்டில் வாரந்தோறும் பஜனை நடந்தது, ஐயா. இவன் கேட்பது சங்கீதமா, மின்விசிறி இரைச்சலா?" என்று வினவினார். கேள்வி நியாயமானதே. பிறந்த மண்ணை விட்டுப் புறப்பட்ட குடும்பங்கள் எடுத்து வந்த செல்வங்களுள் காதில் கொண்டு வந்ததும் ஒன்று. அது மக்களிடம் போய்ச் சேருமோ சேராதோ என்ற கவலை நமக்கும் உண்டு.

பையன் கேட்கும் இசைக்கு மேனாட்டார் இட்ட பெயர் ஆம்பியன்ட்; தமிழில் சூழலிசை எனலாம். நியூ ஏஜ் இசை என்பது அதற்கு நெருங்கிய உறவு. உற்றுக் கேட்க வேண்டாத இசை என்னும் எண்ணம் புதியதன்று. பிரெஞ்சு இசைவாணர் எரிக் சாட்டி அதற்கு 'அறைகலன் இசை' என்று பெயரிட்டார். நாற்காலியும் மேசையும் போல அது அறையில் இருந்தால் போதும் என்பது அவர் கருத்து. 1920ஆம் ஆண்டு பாரிஸில் ஒரு நாடகத்தின் இடைவேளையில் அதை வாசிக்கச் செய்தார். இசை எழுந்ததும் மக்கள் பேச்சை நிறுத்திவிட்டனர். "பேசுங்கள், நடமாடுங்கள், கேட்காதீர்கள்" என்னும்படியாக அவர் அவர்களை வேண்டிக்கொள்ள நேர்ந்ததாம்! கச்சேரியில் பேச்சை அடக்கப் பாடுபடும் நம் சபாக் காரியதரிசிகள் இதைக் கேட்டால் பொறாமைப்படுவர்.

ஆயினும், இந்த இசை இன்றைய உருவம் பெற்றது ஒரு நோயாளியின் படுக்கையில். 1975ஆம் ஆண்டு சனவரியில் பிரயன் ஈனோ என்னும் ஆங்கிலேய இசைவாணர் டாக்சி மோதிக் காயமுற்று வீட்டில் படுத்திருந்தார். பார்க்க வந்த தோழி ஒருவர் பதினெட்டாம் நூற்றாண்டு யாழிசைத் தட்டு ஒன்றைக் கொடுத்துச் சென்றார். ஈனோ வலியோடு எழுந்து அதைச் சுழலவிட்டுத் திரும்பிப் படுத்த பிறகே, ஒலி மிகவும் தாழ்ந்திருப்பதையும், இரண்டு ஒலிபெருக்கிகளில் ஒன்று ஊமையாய் இருப்பதையும் கண்டார். மறுபடி எழ உடம்பில் வலுவில்லை. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. மழையினூடே யாழின் உரத்த ஸ்வரங்கள் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்து விழுந்தன. விளக்கின் ஒளியைப் போல, மழையின் ஒலியைப் போல, இசையும் அறையின் ஒரு பகுதியாக இருக்கலாம் என்பது அவருக்கு அப்போது புலப்பட்டது. இதை அவரே எழுதியுள்ளார்.

பின்னர், 1978இல், விமான நிலையங்களுக்கென்றே ஓர் இசைத்தட்டு ஆக்கினார். அதன் செய்முறை எளியது. பாடிய தனித்தனி ஸ்வரங்களைக் காந்த நாடாவில் பதித்து, ஒவ்வொரு நாடாவையும் வளையமாக ஒட்டினார். ஒரு வளையம் ஏறத்தாழ 23½ விநாடிக்கு ஒருமுறை திரும்பும்; மற்றொன்று 26 விநாடிக்கு; வேறொன்று 30 விநாடிக்கு. அளவுகள் ஒத்துவராமையால் ஸ்வரங்கள் ஒவ்வொரு முறையும் வேறு வேறு விதமாய்ச் சந்திக்கின்றன. 1980இல் நியூயார்க்கின் லாகார்டியா நிலையத்தில் அது ஒலிக்கவும் செய்தது. பயணிகளைச் சிரித்த முகத்தோடு ஏமாற்றாமல், வானில் பறக்கப்போகிறவனுடைய உயிரச்சத்தோடு அமைதியாய் உடனிருக்கும் இசை வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. அமெரிக்காவில் மியூசாக் என்னும் நிறுவனம் 1930களிலிருந்தே கம்பி வழியாக இசை விற்று வந்தது. தொழிலாளி சோராமல் உழைக்கும்பொருட்டுக் கால் மணி நேரத்துக்குள் படிப்படியாக விறுவிறுப்பை ஏற்றும் முறையும் அதனிடம் இருந்தது. கடையில் நம்மை மெல்ல வாங்கவைக்கும் இசைக்கும் அதுவே மூதாதை. ஈனோ செய்தது அதற்கு மறுப்பு. இரண்டையும் ஒன்றென்று எண்ணுவோர் நம்மிடையே பலர்.

நிற்க. இக்கதையில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. 1968 ஏப்ரலில் ஓர் இரவு, மகரிஷி மகேஷ் யோகியின் ரிஷிகேச ஆசிரமத்தோடு தொடர்புகொண்டிருந்த அமெரிக்கக் குழல் வித்துவான் பால் ஹார்ன், ஆக்ராவில் தாஜ்மகாலின் மாடத்துக்குள் தனியே நின்று புல்லாங்குழல் ஊதினார். ஒரு ஸ்வரத்தை ஊதி நிறுத்திய பின்னும் அது மாடத்தில் நெடுநேரம் சுழன்றது. அது அடங்குமுன் அடுத்ததை ஊதினார். தம் எதிரொலியே தமக்குப் பக்கவாத்தியம்! அங்கிருந்த காவலாளி ஒருவர் குரலெடுத்துப் பாடியதும் பதிவில் சேர்ந்துவிட்டது. நியூ ஏஜ் இசைக்கு முன்னோடியாக மதிக்கப்படும் தட்டுகளுள் அது ஒன்று. நமக்கோ, குழலினும் அந்தக் காவலாளியின் குரலே நெஞ்சில் நிற்கிறது.

அடுத்தது தம்புரா. நெடுநேரம் நீளும் ஒரே ஒலியை வைத்து இசை செய்துகொண்டிருந்த அமெரிக்கர் லா மான்டே யங், 1970இல் நியூயார்க் வந்த கிரானா கரானாப் பாடகர் பண்டிட் பிராண்நாத்திடம் சீடரானார். டெரி ரைலியும் அவ்வாறே. யங்கின் ஆக்கத்தை ஈனோ மாணவப் பருவத்திலேயே வாசித்தவர். ஆதலின் சூழலிசையைக் கேட்கும்போது நம் காதுக்கு எங்கோ பழகிய ஒன்று தட்டுப்படுவதில் வியப்பில்லை. தம்புரா மீட்டிச் சுருதி கூடி, பாடகர் இன்னும் வாய் திறவாத அந்தச் சில நொடிகளை எண்ணிப் பாருங்கள். அந்த நொடிகளையே ஒரு மணி நேரம் நீட்டினால் இந்த இசை கிடைக்கும். அதன் இன்பமும் அதுவே, குறையும் அதுவே. பாடகர் வருவதேயில்லை.

நியூ ஏஜ் இசைக்கு 1987 முதல் கிராமி விருதில் தனிப்பிரிவு உண்டு. அப்பெயரை வெறுக்கும் இசைவாணரும் அதன் கீழ் விருது பெற்றதுண்டு. 2025இல் அவ்விருது 'திரிவேணி' என்னும் தொகுப்புக்குக் கிடைத்தது. வேத மந்திரங்களோடு குழலும் செல்லோவும் சேர்ந்த அதில் பாடியவர் சென்னையில் வளர்ந்து அமெரிக்காவில் வாழும் சந்திரிகா தாண்டன். உறக்கத்துக்கென்றே மேக்ஸ் ரிக்டர் 2015இல் எட்டு மணி நேர ஆக்கம் ஒன்று செய்தார். கேட்போருக்கு நாற்காலிக்குப் பதில் கட்டில் போட்டு அது வாசிக்கப்பட்டது.

இனி அன்பரின் கேள்விக்கு வருவோம். இது இசைதான். அடுத்த வீட்டுத் தொலைக்காட்சியும், தெருவின் ஹாரன் ஓசையும் சுவரைத் துளைத்து வரும் இரண்டறை வீட்டில், ஒரு பிள்ளை தனக்கென ஓர் அமைதியைக் கட்டிக்கொள்வதைக் குற்றம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆனால் நாள் முழுதும் உற்றுக் கேட்க வேண்டாத இசையையே கேட்கும் காதுக்கு, ஒரு ராகம் விரிவதைப் பின்தொடரும் பொறுமை தங்குமா? இதில் அன்பரின் அச்சம் நம் அச்சமுமாகும். தடுப்பது வீண், தம்புராவை அறிந்தவனுக்குப் பாடகரையும் காட்டிவிடுங்கள் என்று சொன்னோம்.

சென்ற ஞாயிறு அவரை மீண்டும் சந்தித்தோம். வாரம் ஒருநாள் அரைமணி, கைப்பேசியை அணைத்துவிட்டு, தோடி ஆலாபனை ஒன்றைத் தந்தையோடு உட்கார்ந்து கேட்கப் பையன் இசைந்துவிட்டானாம். பதிலுக்கு அப்பா விமான நிலையத் தட்டை முழுதும் கேட்க வேண்டும் என்பது அவன் நிபந்தனை. "கேட்டீர்களா?" என்றோம். "பத்தாவது நிமிடத்தில் தூங்கிவிட்டேன்" என்றார்.