ரொட்டியா, வெண்ணெயா? உடல் இளைக்க எதை விடுவது?

லண்டனில் வில்லியம் பாண்டிங் என்று ஒருவர் இருந்தார். அரச குடும்பத்துச் சவ அடக்கங்களை நடத்தி வந்த குடும்பம் அவருடையது. 1862-ல் அவருக்கு வயது 65. உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். எடையோ 202 பவுண்டு! குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்ட முடியாது. மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்குவார்.

காது சரியாகக் கேட்கவில்லை என்று ஒரு டாக்டரிடம் போனார். டாக்டர் காதைப் பார்த்தார், உடம்பையும் பார்த்தார். ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். இறைச்சியும் மீனும் தின்றே பாண்டிங் சுமார் ஓராண்டில் 46 பவுண்டு இளைத்து விட்டார். 1863-ல் அந்தக் கதையைச் சிறு புத்தகமாகவும் அச்சிட்டார்.

எதிர்க்கட்சி

மாவுச்சத்தைக் குறை என்பது பாண்டிங் கட்சி. கொழுப்பைக் குறை என்பது எதிர்க்கட்சி. ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி, கொழுப்பிலோ 9. ஆகவே எண்ணெய், வெண்ணெய்தான் எதிரி என்றார்கள்.

யார் சொல்வது சரி? அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையார் 609 பேரை வைத்துச் சோதித்தார்கள். முடிவு 2018-ல் வெளிவந்தது.

இரண்டு பந்தி

ஒரு பாதிப் பேர் மாவுச்சத்தைக் குறைத்தார்கள். மறு பாதிப் பேர் கொழுப்பைக் குறைத்தார்கள். முதல் எட்டு வாரம் நாளைக்கு 20 கிராம் அளவுக்கு இறக்க முயல வேண்டும். பிறகு, காலமெல்லாம் தாங்கக்கூடிய அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொள்ளலாம். கலோரிக் கணக்குப் பார்க்கச் சொல்லவில்லை. காய்கறி நிறையத் தின்னவும், சர்க்கரையையும் மைதாவையும் தள்ளவும் இரு பந்திக்கும் சொன்னார்கள்.

(சர்க்கரை வியாதிக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேளாமல் சோற்றைக் குறைக்கக் கூடாது. ரத்தத்தில் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடலாம்.)

ஓராண்டு முடிந்தது. மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரி 6 கிலோ இளைத்திருந்தார்கள். கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோ. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை!

வேடிக்கை வேறு இடத்தில் இருந்தது. இரண்டு பந்தியிலும் சுமார் 27 கிலோ இளைத்தவரும் உண்டு. 9 கிலோ ஏறியவரும் உண்டு. யாருக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? மரபணுவைப் பார்த்தார்கள், இன்சுலின் சுரப்பையும் பார்த்தார்கள். இரண்டும் கைவிட்டன. "ரத்தத்தைப் பார்த்து உணவு சொல்கிறேன்" என்று காசு கேட்பவர்களுக்கு இது கசப்பான செய்திதான்.

ஆறு வருஷம் கழித்து

இஸ்ரேலில் டிமோனா என்ற ஊரில் 322 பேரை இரண்டு வருஷம் சோதித்தார்கள். 2008-ல் முடிவு வந்தது. மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 4.7 கிலோவும், கொழுப்பைக் குறைத்தவர்கள் 2.9 கிலோவும் இளைத்திருந்தார்கள். பாண்டிங் கட்சிக்கு ஜெயம்!

அதன் பிறகு நாலு வருஷம் அவர்களை அவரவர் போக்கில் விட்டு, மறுபடி நிறுத்துப் பார்த்தார்கள். 4.7 கிலோவில் 1.7 தான் மிச்சம். 2.9 கிலோவில் 0.6 தான் மிச்சம். மற்றதெல்லாம் திரும்பி வந்துவிட்டது. ஆலிவ் எண்ணெய், மீன், காய்கறி, பருப்பு என்று சாப்பிட்ட மூன்றாவது கூட்டம் ஒன்றும் அங்கே இருந்தது. இரண்டு வருஷத்தில் அவர்கள் இளைத்தது 4.4 கிலோ. அதில் 3.1 கிலோ திரும்பவே இல்லை.