நஞ்சையே மூச்சாக்கும் நுண்ணுயிர்

உலோகப் பாகங்களில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை நீக்க டிரைகுளோரோஎத்திலீன். ட்ரை கிளீனிங் கடைகளில் துணி வெளுக்கப் பெர்குளோரோஎத்திலீன். குளோரின் கலந்த இந்தக் கரைப்பான்களைப் பல பத்தாண்டுகளாக உலகமெங்கும் பயன்படுத்தி, மிச்சத்தை மண்ணில் கொட்டினார்கள். பெட்ரோல் கசிந்தால் நிலத்தடி நீரின்மேல் மிதக்கும். இவையோ நீரைவிடக் கனமானவை. களிமண்ணோ பாறையோ தடுக்கும்வரை இறங்கித் தேங்கி, சிறுகச் சிறுகக் கரைந்துகொண்டே இருக்கும். நீரை இறைத்து எவ்வளவு சுத்திகரித்தாலும் அடியிலுள்ள நஞ்சு எளிதில் தீராது. அமெரிக்கக் குடிநீரில் இவற்றுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம்.

ஆக்சிஜன் இல்லாத மண்ணடுக்குகளில் சில பாக்டீரியாக்கள் இந்த மூலக்கூறுகளிலிருந்து குளோரின் அணுக்களை ஒவ்வொன்றாகக் கழற்றுகின்றன. பெரும்பாலானவை பாதியில் நின்றுவிடும். சிக்கல் அங்கேதான். கடைசிக்கு முந்தைய படியில் உருவாகும் வினைல் குளோரைடு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள். அதற்கான வரம்பு 2 மைக்ரோகிராம்தான். அரைகுறைச் சுத்தம் ஆபத்தைக் கூட்டிவிடும்.

கடைசிக் குளோரினும் கழன்று, காய்களைப் பழுக்கவைக்கும் எத்திலீனாக மாறுவதை கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1989இல் காட்டினார்கள். அதற்குக் காரணமான நுண்ணுயிரைத் தனியே பிரித்து 1997இல் அறிவித்தார்கள். அது கிடைத்தது இத்தாக்கா நகரின் கழிவுநீர்ச் சேற்றில். இன்று அதன் பெயர் டீஹாலோகாக்காய்டிஸ் மெக்கார்ட்டியை.

இதன் உணவு ஹைட்ரஜன். நாம் ஆக்சிஜனைக் கொண்டு சுவாசிக்கும் இடத்தில், இது குளோரின் சேர்மங்களைக் கொண்டு சுவாசிக்கிறது. வேறு பிழைப்பு இதற்குத் தெரியாது. காற்றுப் பட்டால் தாங்காது. தனக்கு வேண்டிய வைட்டமின் பி12ஐக்கூட அக்கம்பக்க நுண்ணுயிர்கள்தான் தர வேண்டும். 1997இல் கிடைத்த வகை வினைல் குளோரைடை மெதுவாகவே சிதைத்தது. அதையே சுவாசித்து வளரும் இன்னொரு வகை 2003இல் அறிவிக்கப்பட்டது.

டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் இருந்த கெல்லி விமானப்படைத் தளத்தில் இதைச் சோதித்தார்கள். மாசுபட்ட நிலத்தடி நீரில் மெத்தனாலும் அசிட்டேட்டும் கலந்தபோது, மண்ணில் ஏற்கெனவே இருந்த நுண்ணுயிர்கள் பாதிவழியில் நின்றன. பிறகு டொராண்டோவில் வளர்க்கப்பட்ட, டீஹாலோகாக்காய்டிஸ் அடங்கிய கேபி-1 என்ற நுண்ணுயிர்க் கலவையைச் செலுத்தினார்கள். 200 நாட்களுக்குள் கரைப்பான்கள் 5 மைக்ரோகிராமுக்குக் கீழே இறங்கின, எத்திலீன் தோன்றியது. 2002இல் இம்முடிவு வெளியானது.

நிலத்தில் அமிலத்தன்மை மிகுந்தாலோ ஆக்சிஜன் புகுந்தாலோ இந்த வேலை நின்றுவிடும். எனவே, மாசுபட்ட இடத்தில் டிரைகுளோரோஎத்திலீன் மறைந்துவிட்டது என்று ஓர் அறிக்கை சொன்னால் அதோடு திருப்தி அடையக் கூடாது. வினைல் குளோரைடு எவ்வளவு இருக்கிறது, எத்திலீன் வந்ததா என்ற இரண்டு கேள்விகளையும் கேட்க வேண்டும்.