ஆள் வருதா?

மழைக்கால இரவொன்றில் இடி இறங்கி வீட்டு ரவுட்டர் உயிரை விட்டது. அன்றைக்கென்று பார்த்து, பழைய லேப்டாப்பில் இருந்த கல்யாண வீடியோவைப் புதியதற்கு மாற்றியே ஆக வேண்டும். பென் டிரைவில் இடம் போதவில்லை. கையில் இருந்தது ஒரு லேன் கேபிள்தான். இரண்டு லேப்டாப்புகளுக்கும் நடுவே அதைச் செருகிவிட்டு, கட்டளை எழுதும் கறுப்புத் திரையைத் திறந்து லேப்டாப்பின் ஐபி முகவரியைப் பார்த்தேன்: 169.254.83.17.

நெட் சரிபார்க்க வருகிற தம்பிகள் இந்த எண்ணைக் கண்டதும் "ஐபி எடுக்கலை சார்" என்று சொல்லிவிடுவார்கள். கொடுக்க வேண்டியவர் கொடுக்கவில்லை என்ற அளவில் அது சரி. ஆனாலும் லேப்டாப்பிடம் ஒரு முகவரி இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது? கேபிளின் மறுமுனையில் இருந்ததும் கொடுக்கிற அதிகாரம் இல்லாத இன்னொரு லேப்டாப்தானே!

தானாக எடுத்துக்கொண்டது. எப்படி என்று தெரிந்துகொள்ள, ரயிலில் அன்ரிசர்வ்டு பெட்டியில் ஏறிய அனுபவம் இருந்தால் போதும்.

ரவுட்டர் இருக்கும் வீடு ரிசர்வேஷன் பெட்டி மாதிரி. போனோ டிவியோ உள்ளே வந்ததும் "எனக்கொரு இடம் வேண்டும்" என்று குரல் கொடுக்கும். ரவுட்டர் தன் பட்டியலைப் பார்த்து, காலியாக உள்ள எண் ஒன்றைக் குறிப்பிட்ட நேரத்துக்கு எழுதிக் கொடுக்கும். இந்த ஏற்பாட்டுக்கு டிஎச்சிபி என்று பெயர். பட்டியல் வைத்திருப்பவரே இல்லையென்றால்? நாம் அன்ரிசர்வ்டு பெட்டியில் ஏறியதும் என்ன செய்வோம்? காலியாகத் தெரியும் இடத்தருகே போய், "இங்க ஆள் வருதா?" என்று கேட்போம். யாரும் வாய் திறக்காவிட்டால் உட்கார்ந்துவிடுவோம். கணினிகளும் இதையேதான் செய்கின்றன.

இதற்கென்றே ஒதுக்கிய எண்வரிசைதான் 169.254 என்று தொடங்குவது. முதல் 256 எண்களையும் கடைசி 256 எண்களையும் விட்டுவிட்டால் மீதி 65,024 இருக்கைகள். கணினி அதில் ஒன்றைக் குலுக்கல் முறையில் எடுக்கிறது. எடுத்ததும் உட்கார்வதில்லை, "இந்த எண்ணில் யாராவது இருக்கிறீர்களா?" என்று கேபிளில் உள்ள அத்தனை பேருக்கும் கேட்கும்படி கூவுகிறது. 1982-இல் டேவிட் பிளம்மர் எழுதிய 'ஆர்ப்' என்ற முறையில்தான் இந்தக் கூவல் போகிறது. ஒன்று முதல் இரண்டு விநாடி வரை இடைவெளி விட்டு மொத்தம் மூன்று முறை. அதன்பின் இன்னும் இரண்டு விநாடி காத்திருப்பு. மௌனம் சம்மதம். பிறகு "இது என் இடம்" என்று இரண்டு முறை அறிவிப்பு. சீட்டில் துண்டு போடுகிற கட்டம் இதுதான்.

எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. ஆர்ப் செய்தியில் அனுப்புகிறவரின் முகவரியை எழுத ஓர் இடம் உண்டு. அதில் தான் குறிவைத்திருக்கும் எண்ணைக் கணினி எழுதினால், கேட்டுக்கொண்டிருக்கும் மற்ற கணினிகள் "ஓ, இன்னார் இந்த எண்ணில் இருக்கிறார்" என்று தங்கள் குறிப்பில் பதிந்துவிடும். அங்கே ஏற்கெனவே ஒருவர் இருந்தால் அவருக்கு வரவேண்டியதெல்லாம் இவருக்கு வந்து சேரும். அதனால் அந்த இடத்தில் 0.0.0.0 என்று பூஜ்யங்களை நிரப்பி அனுப்புகிறது. அதாவது நின்றுகொண்டேதான் கேட்க வேண்டும். பாதி உட்கார்ந்துகொண்டு கேட்கக் கூடாது. நம் ரயில்களில் இந்த நாகரிகம் அவ்வளவாகக் கிடையாது!

கரண்ட் போய்த் திரும்பி வரும்போது வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் ஒரே நொடியில் விழிக்கும். எல்லாம் ஒன்றாகக் கத்தினால் குழப்பம்தான். ஆகவே முதல் கேள்விக்கு முன்னால் ஒரு விநாடிக்குள் ஏதோவொரு நேரம், குலுக்கல்படி, ஒவ்வொன்றும் சும்மா இருக்கும். இரண்டு பேர் ஒரே எண்ணை ஒரே சமயத்தில் கேட்பது தெரிந்தால் இருவருமே வேறு இடம் பார்க்க வேண்டும். பத்து முறைக்கு மேல் மோதல் வந்தால் வேகத்தைக் குறைத்து, நிமிடத்துக்கு ஒரு எண்ணுக்கு மேல் முயலக் கூடாது. நடைமுறையில் இதற்கெல்லாம் வேலையே வராது. பத்துக் கருவிகள் ஒரேயடியாக எண் எடுத்தாலும், ஏதாவது இரண்டு மோதுவதற்கான வாய்ப்பு சுமார் 1,400-இல் ஒன்றுதான். தினமும் அதே ரயிலில் போகிறவருக்கு வழக்கமான இடம் ஒன்று இருக்குமே, அதுவும் இங்கே உண்டு. கருவியோடு பிறந்த மேக் எண்ணை வைத்துக் குலுக்கலைத் தொடங்குவதால், பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் அதே எண்தான் வந்து விழும்.

தானாக முகவரி எடுத்துக்கொள்ளும் இந்த வழக்கம் 1998-இல் வந்த விண்டோஸ் 98-இலேயே இருந்தது. ஆப்பிளின் ஸ்டூவர்ட் செஷயர், மைக்ரோசாஃப்ட்டின் பெர்னார்ட் அபோபா, சன் நிறுவனத்தின் எரிக் குட்மன் ஆகிய மூவரும் 2005-இல் அதை முறையான விதியாக எழுதினார்கள். சந்தையில் முட்டிக்கொண்டிருந்த நிறுவனங்களின் ஆட்கள் பொது இருக்கை விஷயத்தில் உடன்பட்டார்கள்.

இந்த முகவரியோடு வெளியூர் போக முடியாது. 169.254 என்று தொடங்கும் எதையும் ரவுட்டர்கள் தாண்டிக் கடத்தக் கூடாது என்பது விதி. எனவே இணையம் வராது. கேபிளின் மறுமுனை மட்டும்தான் உலகம். விண்டோஸ் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "பட்டியல்காரர் வந்துவிட்டாரா?" என்று பின்னணியில் கேட்டுக்கொண்டே இருக்கும்.

எனக்கு அன்று வெளியூர் தேவைப்படவில்லை. வீடியோ ஏறி முடிந்தது. இரண்டு நாள் கழித்துப் புது ரவுட்டர் வந்ததும் கறுப்புத் திரையை மறுபடி பார்த்தேன். 169.254 எழுந்து இடம் கொடுத்துவிட்டது, அங்கே 192.168.1.5 உட்கார்ந்திருந்தது. அதற்கு மேல் வரியில் மட்டும் 'எஃப்இ80' என்று தொடங்கும் நீள எண் ஒன்று, அன்றைக்கு இருந்தது போலவே. ஐபி ஆறாம் பதிப்பின் முகவரி அது. ரவுட்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு கருவியும் தானே கேட்டு, தானே காத்திருந்து, அப்படியொன்றை எப்போதும் எடுத்து வைத்துக்கொள்கிறது.